புதுச்சேரியில் ஓர் அங்கி தைத்துக்கொண்டோம்

அளவு கொடுத்துத் துணி தைத்துக்கொள்வது தமிழ் நாட்டில் புதிய விஷயம் அல்ல. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னதாகத் தையற்காரரிடம் துணியைக் கொடுத்துவிட்டு, தீபாவளிக்கு முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு அவர் கடை வாசலில் காவல் கிடந்து, பித்தான் வைக்காத சட்டையைப் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்பாத குடும்பஸ்தர் நம்மில் யார் இருக்கிறார்கள்? ஆயத்த உடைக் கடைகள் வந்த பிறகு அந்தக் காவல் ஒழிந்தது. இப்போது சட்டை நமக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. நாம் அதற்குப் பொருந்துகிறோமா என்பது ஒன்றுதான் கேள்வி.

ஆகையால், 2024-ஆம் வருஷம் புரட்டாசி மாதக் கடைசியில் நமது தமக்கையாரின் புதல்வி, "மாமா! கல்யாண வரவேற்புக்குப் போட்டுக்கொள்ளப் புதுச்சேரியில் ஒரு டிசைனரிடம் அங்கி தைக்கக் கொடுக்கப் போகிறேன். நீங்களும் கூட வரவேண்டும்" என்று சொன்னபோது, அந்தப் பழைய காவல் மறுபடியும் நம் தலையில் விடிந்ததென்றே எண்ணினோம். கல்யாணம் தை மாதம். முகூர்த்தத்துக்குக் கூறைப் புடவை. அதில் வாதப் பிரதிவாதம் கிடையாது. மாலையில் நடக்கும் வரவேற்புக்குத்தான் இந்த அங்கி.

"டிசைனர் என்றால் யாரடி?" என்று கேட்டார் தமக்கையார்.

பெண் விளக்கினாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தமக்கையார் தமது வியாக்கியானத்தைச் சொன்னார்: "துணியை வெட்டுகிறவன் தையற்காரன். எங்கே வெட்டலாம் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர் டிசைனர். அப்படித்தானே? யோசனைக்கும் சேர்த்துக் கூலி கேட்பார்களாக்கும்!"

கேட்கத்தான் கேட்டார்கள். அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. நாம் தேடிச் சென்ற இடம் வெள்ளைக்காரர் வசித்த பகுதியில் இல்லை. வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் தெருக்களில் ஒன்றில், திண்ணையும் முற்றமும் உள்ள ஒரு பழைய வீடு. முற்றத்தில் ஒரு நீண்ட மேஜை. அதன் பக்கத்தில் கத்தரிக்கோலும் சுண்ணாம்புக் கட்டியுமாக ஒரு முதியவர். தையற் கூடங்களின் வழக்கப்படி அவரை எல்லாரும் 'மாஸ்டர்' என்றே அழைத்தார்கள். டிசைனர் அம்மாளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெளியூரில் படித்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவர்.

நாம் எதிர்பார்த்தபடி அவர் துணிகளை விரித்துக் காட்டவில்லை. ஒரு மணி நேரம் கேள்விகள் மட்டுமே கேட்டார். எத்தனை மணி நேரம் நிற்கவேண்டி வரும்? பெரியவர்களை நமஸ்கரிக்கக் குனிய வேண்டுமா, எத்தனை பேரை? மண்டபத்தில் குளிர்சாதனம் உண்டா? கல்யாணத்துக்குப் பிறகும் இதை உடுத்துவதாக உத்தேசமா, அல்லது பெட்டியில் வைத்துப் பூச்சிக்குப் போடவா? இந்தக் கடைசிக் கேள்வியில் நமது தமக்கையாருக்கு அவர்பேரில் கொஞ்சம் மதிப்பு ஏற்பட்டது. பிறகு மாஸ்டர் நாடாவை எடுத்தார். நாம் எண்ணிக்கொண்டே இருந்தோம், முப்பத்தொரு அளவுகள். பெண்ணின் வலது தோள் இடது தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதாக மாஸ்டர் கண்டுபிடித்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தத் தோளிலேயே பை மாட்டியதன் பலன். இருபத்தாறு வருஷமாக அவளைப் பார்த்துவரும் நமக்கும் அவள் தாயாருக்கும் இது தெரியாது.

"கடைச் சட்டை எதுவும் எனக்குச் சரியாக உட்காராத காரணம் இப்போதல்லவா தெரிகிறது!" என்றாள் பெண்.

அடுத்தது நிறம். பெண் தயங்காமல், "அவுரி நீலம்" என்றாள்.

தமக்கையார் திடுக்கிட்டார். "கல்யாணத்துக்குக் கறுப்பு மாதிரி நீலமா? யாராவது கேட்டால் என்ன சொல்வது?"

"இந்த ஊர் நீலம் என்று சொல்லுங்கள், அம்மா" என்றார் டிசைனர் அம்மாள்.

அது உபசார வார்த்தை அல்ல, சரித்திரம். புதுச்சேரி என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது துய்ப்ளேக்ஸ் துரை, கடற்கரை, பாரதியார் இவைகள்தாம். ஆனால் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக இந்த ஊர் சோறு தின்றது துணியால். அதிலும் முக்கியமாக நீலத் துணியால். பருத்தித் துணியை அவுரிச் சாயத்தில் திரும்பத் திரும்பத் தோய்த்து, ஏறக்குறையக் கருநீலமாக்கி, தட்டி மினுமினுப்பேற்றி, 'கினே' என்ற பெயரால் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேற்றினார்கள். அது போய் இறங்கிய இடம் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள செனகால் நதிக்கரை. அங்கே அந்தத் துணி வெறும் துணியாக மட்டும் இருக்கவில்லை, நாணயமாகவே வழங்கிற்று. பாலைவனத்து மூர் இனத்தார் கருவேல மரத்துப் பிசினைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நீலத் துணியை எண்ணி வாங்கிப் போனார்கள். அந்தப் பிசின் பிரான்சுக்குப் போய் அங்குள்ள துணி அச்சுத் தொழிலுக்கு உதவிற்று. நம்முடைய குளத்தங்கரைச் சாயக்காரர் தோய்த்த துணி, இன்னொரு கண்டத்தில் பணமாகி, மூன்றாவது கண்டத்தின் தொழிலை நடத்திக்கொண்டிருந்தது!

மூர்கள் லேசில் ஏமாறுகிற வாடிக்கைக்காரர்கள் அல்ல. தொட்டுப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், மினுமினுப்பைப் பார்ப்பார்கள். பிரான்சு தேசத்திலே யந்திரத்தில் அதைப் போலவே செய்து அனுப்பிப் பார்த்தார்கள். அது அவர்களிடம் செல்லுபடியாகவில்லை. உடுத்தினால் உடம்பில் நீலம் ஒட்டிக்கொள்வதை நம் வீட்டு ஸ்திரீகள் குற்றமென்பார்கள். பாலைவனத்தில் அதைக் குணமாகவே கொண்டார்கள். சகாராவின் 'நீல மனிதர்கள்' என்று பிற்காலத்து யாத்திரிகர்கள் எழுதிவைத்தது, துணியின் சாயம் தோலில் ஏறியவர்களைப் பற்றித்தான்.

இந்த வியாபாரம் நடந்த முறையை நேயர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஏனெனில் நாம் அன்று டிசைனர் அம்மாளின் முற்றத்தில் செய்த காரியத்தைத்தான் கும்பினியார்கள் பெரிய அளவில் செய்தார்கள். இன்ன நீளம், இன்ன அகலம், இன்ன நெருக்கம் என்று ஒரு மாதிரித் துண்டைக் கொடுப்பார்கள். முன்பணம் வர்த்தகர் கைக்கு வரும். வர்த்தகர் அதிலிருந்து நெசவாளருக்கும் சாயக்காரருக்கும் கொடுப்பார். துணி வந்து சேர்ந்ததும் மாதிரியோடு ஒத்துப் பார்ப்பார்கள். ஒத்திருந்தால் ஒரு விலை. சற்றுக் குறைந்தால் குறைந்த விலை. இல்லாவிட்டால் கழிவு. கழித்த துணியின் நஷ்டம் கும்பினியைச் சேராது. அது படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் பெரும்பாலும் தறிக் குழியில் உட்கார்ந்திருக்கிறவன் தலையில் போய் நிற்கும். ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) துபாஷாகிப் பெரிய மனிதரானதெல்லாம் பிறகு. அதற்கு முன் அவர் பரங்கிப்பேட்டையில் கும்பினியின் துணி வேலைகளை நிர்வகித்தவர். 1736 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பில் யுத்தமும் ராஜதந்திரமும் எவ்வளவு உண்டோ, அவ்வளவு துணி மூட்டைகளும் உண்டு. யாருக்கு எத்தனை கெஜம் சகலாத்து வெகுமதியாயிற்று என்பதைக்கூட அவர் விடுவதில்லை. அவருடைய மாளிகை இன்றும் அவ்வூரில் நிற்கிறது.

உடை விஷயத்தில் இந்த ஊர் ஒரு வழக்கே நடத்தியிருக்கிறது. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் ஐரோப்பியர் மாதிரிப் பாதரக்ஷை அணிந்து நியாயஸ்தலத்துக்குப் போனார். இந்தியர் அப்படி வரக்கூடாது என்று தடுத்தார்கள். மனிதர் விடவில்லை, பாரிஸ் நகரத்து உச்ச நியாயஸ்தலம் வரைக்கும் போய் ஜயித்து வந்தார். சுதேச வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொள்ள வழிசெய்த 1881-ஆம் வருஷத்து உத்தரவுக்குப் பிறகு, 'வாசல்' என்று பொருள்படும் 'லாபோர்த்' என்பதைத் தம் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார். ஒருவர் உரிமைக்காக மேல்நாட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார் என்றால், அதே ஊரில் 1891-ல் பிறந்த பாரதிதாசன், ஒத்துழையாமை நாட்களில் கதர் மூட்டையைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார். இரண்டும் ஒரே ரோஷந்தான் என்பது நமது அபிப்பிராயம். மறுப்பவர்கள் மறுக்கட்டும்.

நீலத் துணியின் கதை ஆலைகளில் போய் முடிந்தது. 1820-களின் கடைசியிலேயே, பின்னர் சவானா என்று பெயர்பெற்ற ஆலை தோன்றிவிட்டது. 1898-ல் ரோடியர் ஆலை என்று ஊரார் சொல்லும் ஏ.எப்.டி. வந்தது. 1936 ஜூலை 30-ந் தேதி, வேலை நேரத்துக்காகவும் சங்கம் வைக்கும் உரிமைக்காகவும் போராடிய தொழிலாளர் மீது சவானா ஆலையில் சுட்டதில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள். அந்த இரத்தத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட அந்த ஆலைகளின் சங்கு இப்போது ஊதுவதில்லை. ஏ.எப்.டி. 2020-ல் மூடப்பட்டது.

ஆலைகள் ஓய்ந்த ஊரில் கை மறுபடியும் தலைதூக்கியிருக்கிறது. உண்மையில் அது எப்போதும் அடியோடு போய்விடவில்லை. ரொமேன் ரோலன் வீதியில் குளூனி கன்னிமாடம் ஒன்று உண்டு. அன்னை ஆன் மரி ஜாவுஹே 1807-ல் பிரான்சில் ஸ்தாபித்த சபை அது. அதன் கன்னியர்கள் 1819-லேயே செனகாலுக்குப் போனவர்கள். 1820-களின் பிற்பகுதியில் புதுச்சேரிக்கும் வந்தார்கள். நீலத் துணி போன வழியிலே ஊசி எதிர்த்திசையில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பழைய மாளிகையின் தாழ்வாரத்தில் உள்ளூர்ப் பெண்கள் உட்கார்ந்து மேஜை விரிப்புகளிலும் கைக்குட்டைகளிலும் பூத்தையல் போடுவது தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. ஊருக்கு வடக்கே ஆரோவில்லில் 'கலர்ஸ் ஆப் நேச்சர்' என்ற சாயச்சாலை அவுரியைப் பழைய முறையில் புளிக்கவைத்துத் தோய்க்கிறது. அங்கேயே பீகாரிலிருந்து வந்த உமா பிரஜாபதி என்ற அம்மையார் 1997-ல் 'உபாசனா' என்ற உடைக் கூடத்தை ஆரம்பித்தார். 2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பிறகு, வெட்டித் தள்ளிய துணித் துண்டுகளைக் கொண்டு 'சுனாமிகா' என்ற சின்னஞ்சிறு பொம்மைகளைச் செய்ய மீனவப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பொம்மைக்கு விலை வைக்கவில்லை. அன்பளிப்பாகவே அது உலகமெல்லாம் போயிற்று.

முற்றத்துக்குத் திரும்புவோம். நிறத்தில் பெண்ணின் கட்சி ஜயித்தது. அலங்காரம் என்ன என்ற கேள்வி வந்ததும் அவள் தன் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். நமக்கு ஒரு கணம் பேச்சு எழவில்லை. அது நம் தாயாருடைய நோட்டு. 1958-ஆம் வருஷத்துக் கணக்கு நோட்டு. முன்பக்கத்திலிருந்து பால் கணக்கு, பின்பக்கத்திலிருந்து கோலங்கள். தாயார் காலமாகிப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. அந்த நோட்டு தமக்கையாரின் அலமாரியில் இருந்ததை நாம் அறிவோம். அதைப் பேத்தி வெளியே எடுத்து வருவாள் என்று நினைக்கவில்லை.

"பாட்டியின் இந்த நெளிக்கோலம். பதினைந்து புள்ளி, ஒன்று வரைக்கும் இடைப்புள்ளி. இரண்டு கைகளிலும் முன்பக்கத்திலும் வேண்டும்" என்றாள்.

டிசைனர் அம்மாள் உள்ளே ஒரு பெண்மணியைக் கூப்பிட்டார். ஐம்பது வயதுக்கு மேல், கண்ணாடி அணிந்தவர். சிறு வயதில் கன்னியர்களிடம் ஊசி பிடிக்கக் கற்றவராம். அந்த அம்மாள் கோலத்தின் இழையை விரலால் தொடாமல் காற்றிலேயே ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். "இழைக்குச் சங்கிலித் தையல். புள்ளிக்கு முடிச்சு" என்றார். அந்த முடிச்சுக்குத் தையற் சாஸ்திரத்தில் 'பிரெஞ்சு முடிச்சு' என்று பெயராம். நம் தாயார் வாசலில் வைத்த புள்ளிக்கு இப்படி ஒரு பெயர் வருமென்று அவர் கனவு கண்டிருக்கமாட்டார். கோலத்தைப் படம் பிடித்துக்கொண்டால் போதாதா என்று கேட்டோம். "படத்தில் கை அழுத்திய இடம் தெரியாது, சார். நோட்டு என்னிடம் இருக்கட்டும், பத்திரமாகத் தருகிறேன்" என்றார் அந்த அம்மாள். தமக்கையார் அரை மனதோடு தலையசைத்தார்.

பிறகு விலை. இருபதாயிரம் ரூபாய்.

நாம் பரம்பரை வழக்கப்படி, "பதினைந்தாக முடித்துக்கொள்ளுங்கள், அம்மா" என்றோம். டிசைனர் அம்மாள் கோபிக்கவில்லை. ஒரு கணக்குப் புத்தகத்தைத் திருப்பி நம் பக்கமாக வைத்தார். கைத்தறித் துணி ஐந்து மீட்டர், 3,250. சாயம் 2,400. மாஸ்டருக்கு நான்கு நாள் கூலி 3,600. பூத்தையல் ஒன்பது நாள், நாளொன்றுக்கு 700 வீதம் 6,300. நூல், பித்தான், மாதிரித் தையல், வாடகை, அவருடைய யோசனை எல்லாம் சேர்த்து 4,450.

"ஐயாயிரம் குறைக்க வேண்டுமானால் எதை எடுத்துவிடட்டும், சார்?" என்று கேட்டார். கேலியாக அல்ல, நிஜமாகவே விடை வேண்டுபவர்போல் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

புத்தகத்தைப் பார்த்தோம். ஐயாயிரம் கொள்ளும்படியான வரி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த வரிக்குரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஆயத்த உடைக் கடையில் எந்தச் சட்டையின் விலைச்சீட்டும் இப்படித் திரும்பி நம்மைப் பார்த்ததில்லை. அங்கே குறைந்த விலையின் காரணம் எங்கோ ஓர் ஊரில், நம் கண்ணுக்குப் படாமல் இருக்கிறது. பத்தாயிரத்தை முன்பணமாக எடுத்து வைத்தவர் நமது தமக்கையார்தான் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஐப்பசியில் இரண்டாம் முறை போனோம். சாயமேற்றாத கோராத் துணியில் அங்கியின் மாதிரி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். பெண் அதை மாட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தாள், எழுந்தாள், நம்மையே நமஸ்கரித்துக் குனிந்து பார்த்தாள். மாஸ்டர் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு தாழ்ந்த தோளுக்காக ஒரு விரற்கடை பிடித்தார். அன்று மாலை சாயப் பட்டறைக்கும் அழைத்துப் போனார்கள். அது ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் இருந்தது.

அவுரிச் சாயத்தைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லி நம்பவைப்பது கஷ்டம். தரையில் புதைத்த தாழிக்குள் இருப்பது நீலம் அல்ல. மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு திரவம். மேலே செம்பு நிறத்தில் ஓர் ஆடை. வாசனையைப் பற்றி ஒன்றும் சொல்லாமலிருப்பதே மரியாதை. திண்டிவனம் பக்கத்தில் இன்றும் பயிராகும் அவுரி, சுண்ணாம்பு, வேகவைத்த தகரை விதை முதலியவற்றைப் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். தாழி உயிருள்ளது என்று சாயக்காரர் சொன்னார். குளிர்ந்தால் சோர்ந்துவிடுமாம், தினம் தீனி போட வேண்டுமாம். துணியை முக்கி, உள்ளேயே பிசைந்து, வெளியே எடுத்தபோது வாழைக் குருத்துப் போலப் பச்சையாக இருந்தது. காற்றுப் பட்டதும் நம் கண்ணெதிரிலேயே ஓரத்திலிருந்து நீலம் பரவிற்று. இப்படி எட்டு முறை தோய்த்து, ஒவ்வொரு முறையும் உலர்த்தினால்தான் பெண் கேட்ட ஆழம் வரும். பூத்தையல் போட வேண்டிய முன்பக்கத்துக்கும் கைகளுக்குமான துணியை முதலில் தோய்த்தார்கள். முதுகுப் பக்கத்துக்கான துணி தன் முறைக்காகக் காத்திருந்தது.

அந்த முறை வருவதற்குள் புயல் வந்துவிட்டது. 2024 நவம்பர் 30-ந் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தெருக்களில் படகு விட்டு ஜனங்களை மீட்டார்கள். நமக்கு இரண்டு நாள் டெலிபோன் கிடைக்கவில்லை. அங்கியைப் பற்றி நாம் கவலைப்படவில்லை என்று சொன்னால் பொய்யாகும். ஆனால் தமக்கையார் ஒரு தரங்கூட அங்கி என்று சொல்லவில்லை. "நோட்டு என்ன ஆயிற்றோ" என்பதையே ஜபமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை, "அந்த அம்மாள் வீடு தாழ்வான பகுதி என்றாளே" என்றார். பெண் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் டிசைனர் அம்மாளே கூப்பிட்டார். வாரக் கடைசியில் போனோம். வழியெல்லாம் வீட்டுச் சாமான்களை வெயிலில் பரப்பியிருந்தார்கள்: மெத்தைகள், பள்ளிப் புத்தகங்கள், சுவாமி படங்கள். முற்றத்தில் பூத்தையல் அம்மாள் ஓர் அரிசி டின்னோடு உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் ஏறியதாம். டின்னைத் திறந்தார். பிளாஸ்டிக் காகிதம் சுற்றி உள்ளே நோட்டு. அதன் கீழே இரண்டு கைகளும் முன்பக்கமும், பாதிக் கோலத்தோடு, ஒரு சொட்டு ஈரமின்றி.

தமக்கையார் நோட்டைப் பிரித்துப் பால் கணக்குப் பக்கத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு, "டின்னில் இருந்த அரிசி?" என்று கேட்டார்.

"அதைக் கொட்டித்தானே அம்மா இதை வைத்தேன்! வேறு மூடி போட்ட டின் இல்லை" என்றார் அந்த அம்மாள், ஏதோ தப்புச் செய்தவர்போல.

சாயப் பட்டறை இவ்வளவு அதிர்ஷ்டசாலி அல்ல. தாழிகளில் வெள்ளம் புகுந்துவிட்டது. புதிதாகப் புளிக்கவைத்து முதுகுத் துணியைத் தோய்ப்பதற்கு மார்கழி பிறந்துவிட்டது. புதுத் தாழி, குளிர்ந்த நாட்கள். நாம் நான்காம் முறை போனபோது டிசைனர் அம்மாள் அங்கியை நிழலில் காட்டவில்லை. நேரே வெயிலுக்கு எடுத்து வந்து, முன்பக்கத்தையும் முதுகையும் சேர்த்து வைத்துக் காட்டினார். முதுகு ஒரு மாற்று வெளுப்பு. மின்சார விளக்கில் தெரியாது, வெயிலில் தெரிந்தது.

"விளக்கடியில் காட்டிக் கொடுத்துவிட்டிருக்கலாம். மனம் வரவில்லை. நீங்கள் கழித்துவிடலாம், சார். முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன். மறுபடி தோய்க்க நாள் போதாது" என்றார்.

"கழித்தால் நஷ்டம் யாருக்கு?" என்று கேட்டோம்.

"எனக்குப் பாதி, சாயப் பட்டறைக்குப் பாதி. பூத்தையல் கூலியில் கை வைக்கமாட்டேன்."

மாதிரித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டைகளைப் பிரித்த பழைய கும்பினி உத்தியோகஸ்தரின் ஸ்தானத்தில் நாம் நின்றோம். அந்த ஸ்தானம் சௌகரியமாக இல்லை என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். நம்முடைய பணம், நம் வீட்டுக் கல்யாணம். கேட்ட நிறம் வரவில்லை என்பதும் வாஸ்தவம். பெண் அங்கியை வாங்கி மாட்டிக்கொண்டாள். தாழ்ந்த தோளும் தாழாத தோளும் ஒரே மட்டத்தில் தெரிந்தன. கையை நீட்டி முழங்கையில் பாட்டியின் கோலத்தைப் பார்த்தாள்.

"என் முதுகை நான் பார்க்கப் போவதில்லை, மாமா" என்றாள்.

தமக்கையார் மட்டும் அவ்வளவு லேசில் விடவில்லை. வெளுப்புக்காக ஆயிரம் ரூபாய் தள்ள வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்டார். டிசைனர் அம்மாள் சம்மதித்தார். பாக்கி ஒன்பதாயிரத்தை எண்ணி மேஜைமேல் வைத்துவிட்டு, மீந்த இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுக்களையும் பூத்தையல் அம்மாளிடம் கொடுத்து, "அரிசிக்கு" என்றார். மாஸ்டர் நம்மைப் பார்த்துச் சிரித்தார். இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்தில் ஏறும் என்று நமக்கும் விளங்கவில்லை.

தை மாதத்தில் வரவேற்பு நடந்தது. வந்தவர்கள் முதுகைப் பார்த்ததாகத் தெரியவில்லை. வயதான ஸ்திரீகள் இரண்டு மூன்று பேர் பெண்ணின் கையைப் பிடித்து, புள்ளிகளை எண்ணி, "இடைப்புள்ளி சரியாக வந்திருக்கிறதே!" என்று ஆச்சரியப்பட்டார்கள். படம் எடுக்கிறவர் மாப்பிள்ளையைப் பெண்ணுக்கு அருகில், இன்னும் அருகில் என்று நகர்த்திக்கொண்டே இருந்தார். இரண்டு மணி நேரம் கழித்து அவர் விலகியபோது மாப்பிள்ளையின் வெள்ளைப் பட்டுச் சட்டையில், தோளிலிருந்து முழங்கை வரைக்கும், புதுச்சேரி நீலம் நன்றாக ஒட்டியிருந்தது.

"நான் அன்றைக்கே சொன்னேன்" என்றார் தமக்கையார்.